மட்டி மயக்கம்

மனித அறிவின் ஒளி பட்ட இடத்தில் அச்சத்துக்கு இருக்கை இல்லை.

இந்த வாக்கியத்தை எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, அதன் அழகை நிதானமாக ரசிப்பதற்காகப் பேனா மூடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார் கஸ்பார் சார். பிறகு பேனாவை மூட வேண்டியிருந்தது. மூடியைக் காணோம். மேஜைமேல் தேடினார். காகிதங்களைத் தூக்கிப் பார்த்தார். குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தபோது, அது அவருடைய உதட்டிலிருந்தே நழுவி, சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு போனது. அவ்வளவு நேரமும் வாயில்தான் இருந்திருக்கிறது. வாய்க்குத் தெரியவில்லை.

அவர் பயப்படவில்லை. பயப்படுவது கொள்கைக்கு விரோதம்.

கஸ்பார் சார் திண்டுக்கல்லில் முப்பத்தொரு வருஷம் இயற்கைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே விஞ்ஞானத் தெளிவுக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கி, அதன் ஆயுட்காலத் தலைவராகத் தம்மை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். கழகத்தில் ஏழு உறுப்பினர்கள். அவர்களில் மூன்று பேர் அவர் வீட்டு மின்விசிறிக்காக வருகிறவர்கள். கழகம் அவருக்கு ‘அறிவியல் செல்வர்’ என்ற பட்டத்தையும் ஒரு சரிகைப் பொன்னாடையையும் வழங்கியது. வாழ்த்துப் பத்திரத்தை அவரே எழுதினார். வாசிக்கக் கேட்டு அவரே கண்கலங்கினார்.

அறுபத்தெட்டாம் வருஷத் தவக்காலம் அது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ‘கடலுணவும் கட்டுக்கதையும்’ என்ற தலைப்பில் பேசுவதாக நோட்டீஸ் அடித்து ஒட்டியாயிற்று. காரணம், வாசகசாலைக்கு வந்த ஓர் அமெரிக்கப் பத்திரிகை. கடல் சில மாதங்களில் சிவப்பாகப் பூக்குமாம். பூப்பது கண்ணுக்குத் தெரியாத பாசி. மட்டி என்கிற சிப்பி அந்தப் பாசியைத் தின்று நஞ்சைத் தன் சதையில் சேர்த்துவைத்துக்கொள்ளும். மட்டிக்கு ஒன்றும் ஆகாது. அந்த மட்டியைத் தின்றவனுக்கு முதலில் உதடு மரக்கும், பிறகு விரல், பிறகு கை கால், கடைசியில் மூச்சு. அறிவு மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். கஸ்பார் சாருக்கு அந்த இடம் மிகவும் பிடித்திருந்தது.

போன மாதம் இதைக் கழகத்தில் விளக்குவதற்காகப் பக்கத்துப் பூட்டுப் பட்டறை அந்தோணிமுத்துவிடம் ஒரு பூட்டை இரவல் வாங்கினார். உடம்பில் கோடானுகோடி செல்கள் இருக்கின்றன. நரம்புச் செல் ஒவ்வொன்றின் சுவரிலும் உப்பு நுழைவதற்குச் சாவித் துவாரம்போல வழி உண்டு. உப்பு உள்ளே பாய்ந்தால்தான் நரம்பு பேசும், தசை கேட்கும். மட்டியின் நஞ்சு அந்தத் துவாரத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. இப்படிச் சொல்லி, ஓர் ஈர்க்குச்சியைப் பூட்டுக்குள் விட்டுப் படக்கென்று முறித்துக் காட்டினார். அந்தோணிமுத்துவுக்குத் தன் பூட்டைப் பற்றிய கவலை.

“அப்ப பூட்டு கெட்டுப்போகலியே சார். குச்சி வெளிய வந்துட்டா பழையபடி தொறக்கும்ல?”

“அந்தோணிமுத்து, இது பட்டறை இல்லப்பா, விஞ்ஞானம்” என்றார் கஸ்பார் சார். மின்விசிறிக்குக் கீழே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பத்திரிகைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில், இந்த நஞ்சு சூட்டில் ‘ஸ்டேபிள்’ என்று ஒரு வரி இருந்தது. அகராதியைப் புரட்டினார். நிலையான, அமைதியான, குதிரை லாயம் என்று மூன்று பொருள் போட்டிருந்தது. குதிரை லாயத்தைத் தள்ளிவிட்டு, சூடு காட்டினால் நஞ்சு அமைதியாகிவிடும் என்று மொழிபெயர்த்துக்கொண்டார். ஆகவே, கொதிக்கவைத்த மட்டியைக் கண்டு அஞ்சுகிற கடற்கரைச் சனங்கள் மூடர்கள் என்பது நிரூபணமாயிற்று. செய்துகாட்டுவது ஒன்றுதான் பாக்கி.

கடற்கரைச் சனம் அவர் வீட்டிலேயே ஒன்று இருந்தது. மனைவி லூர்தம்மாள் தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தவள். அங்கே இருக்கிற மைத்துனனுக்கு ஒரு சாக்கு மட்டி அனுப்பச் சொல்லி எழுதினார். கடல் பூத்துச் செவந்து கெடக்கு, நாங்களே தொடல, இப்ப வேண்டாம் மச்சான் என்று கார்டு வந்தது. கார்டைக் கழகத்தில் வாசித்துக் காட்டினார், நல்ல சிரிப்பு. அத்தோடு மனைவி சொன்ன ஒரு கதையையும் சேர்த்துக்கொண்டார்: அவள் ஊரில் மட்டி தின்று விழுந்தவனை உடனே எடுக்கமாட்டார்களாம். ‘மட்டி மயக்கம்’ என்று சொல்லி ஒரு ராத்திரி ஒரு பகல் வைத்துப் பார்ப்பார்களாம். “பிணம் மனசு மாறி எழுந்து காபி கேட்கும் என்று நம்பிக்கை” என்றார். அதற்கு முந்தியதைவிடப் பெரிய சிரிப்பு. உள்ளறையில் காபி ஆற்றிக்கொண்டிருந்த லூர்தம்மாளுக்கும் அது கேட்டது.

மைத்துனன் அனுப்பாவிட்டால் என்ன? வேறு ஆளைப் பிடித்து வரவழைத்துவிட்டார். இன்று வெள்ளிக்கிழமை காலை ரயிலில், ஈரச் சாக்கில் கட்டி, மட்டி வந்து இறங்கியது. லூர்தம்மாள் அதைத் தொட மறுத்துவிட்டாள். எங்கள் ஊரில் கடல் பூத்திருக்கும்போது மட்டியை மட்டிதான் தின்பான் என்று சொல்வார்கள் என்று, யாரையும் குறிப்பிடாமல், அடுக்களைச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். கஸ்பார் சார் வாழ்க்கையில் முதல்தடவையாக அடுப்பு மூட்டினார். கடிகாரம் பார்த்து அரை மணி நேரம் கொதிக்கவிட்டார். வெள்ளிக் கரண்டியை உள்ளே விட்டு, அது கறுக்கவில்லை என்று நோட்டில் குறித்தார். பூனைக்குக் கொஞ்சம் வைத்தார். தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி ஆகாது, கடல் பிராணி ஆகும் என்று சொல்லிக்கொண்டு, சதையைத் தின்று, சாற்றையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

அப்போது மணி பன்னிரண்டு. இப்போது பன்னிரண்டு நாற்பது. பேனா மூடி உருண்டு கதவோரம் கிடந்தது.

நோட்டை எடுத்தார். ‘12.40. உதடு மரத்தல். கற்பனை’ என்று எழுதினார்.

வெயிலுக்காகச் சன்னல்களைச் சாத்தியிருந்தது. பலகை இடுக்குகளில் வெளிச்சம் கம்பிகம்பியாக விழுந்து, அதில் தூசி எழும்பி எழும்பி அடங்கியது. தெருக்கோடிக் கிட்டங்கியிலிருந்து புகையிலை நெடி எப்போதும்போல் வந்துகொண்டிருந்தாலும், அதற்கு அடியில், ஈரமாக, உப்பாக, இந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வாசனை தரையோடு தரையாகப் பரவிக்கொண்டிருந்தது. அடுக்களையில் மிச்சமிருந்த மட்டிகள் உப்புத் தண்ணீர் வாளியில் உயிரோடு கிடந்தன. அவை திறந்துகொள்வதற்குச் சத்தம் இல்லை. மூடிக்கொள்வதற்கு மட்டும் உண்டு. டக். செத்த நேரம் கழித்து, இன்னொன்று. டக்.

காலையிலிருந்து அந்தச் சத்தம் இருக்கத்தான் செய்தது. இப்போதுதான் அது எண்ணிக்கொண்டிருப்பதுபோல் கேட்டது.

தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்தார். தரை இல்லை. இருந்தது, ஆனால் பாதத்துக்கு அது தெரியவில்லை. பஞ்சுமேல் நடப்பதுபோல, மிதப்பதுபோல, ஒருவிதத்தில் இனிமையாகக்கூட இருந்தது. அடுக்களை வாசலில் பூனை படுத்திருந்தது. அதன் வாலை மிதித்துவிட்டார். மிதித்தது அவருக்கும் தெரியவில்லை, பூனைக்கும் தெரியவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தம்முடைய குதிகால் அதன் வால்மேல் இருப்பதைக் கண்டார். பூனையின் கண்கள் திறந்திருந்தன. அவை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தூங்குகிறது என்று சொல்லிக்கொண்டார். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிற பூனைகள் உண்டு. எங்கோ வாசித்திருக்கிறார்.

தண்ணீர் குடிக்காமலே திரும்பி வந்து சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். ‘12.55. விரல் நுனி. கற்பனை.’ எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. இப்போதுகூட நேரம் இருந்தது. கூப்பிட்டால் லூர்தம்மாளுக்கு என்ன செய்வதென்று தெரியும்; அவள் ஊரில் வாந்தி எடுக்கவைப்பார்கள், உட்காரவைத்து முதுகை நீவி, மூச்சு நிற்காமல் பார்த்துக்கொண்டு, விடியும்வரை கூடவே இருப்பார்கள். கொல்லையில் அவள் துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு குரல் போதும். ஆனால் கூப்பிட்டால், கூப்பிட்டதாக ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை என்ன பேசுவது?

அவளே வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னங்க, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?”

கஸ்பார் சாரின் நாக்கு வாய்க்குள் ஒரு செருப்பைப்போலக் கிடந்தது. அதைத் தூக்கி, புரட்டி, ஒரு சொல்லுக்கு ஏற்றபடி மடக்கினார்.

“வெயில்.”

அவள் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். அதுதான் அவர் பேசிய கடைசிச் சொல். பொய்.

‘1.10. கற்ப’ என்பதோடு நோட்டு நின்றது. பேனா விழுந்தது. அதை எடுக்கக் கை போகவில்லை. போ என்று சொன்னார். கை மடியில் கிடந்தது, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கைபோல. தலையைத் திருப்பலாம் என்று நினைத்தார். நினைப்பு கழுத்து வரை போய், பூட்டிய கதவில் முட்டித் திரும்பி வந்தது. கோடானுகோடி கதவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு முறிந்த ஈர்க்குச்சி. அவர் சொன்ன உவமைதான். நல்ல உவமை என்று அன்று எல்லோரும் பாராட்டினார்கள்.

உள்ளே எல்லாம் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை. சுவர்க் கடிகாரம் கேட்டது. கொல்லையில் கிணற்று ராட்டினம் கேட்டது. ஓர் ஈ வந்து அவருடைய கண்ணிமையின் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைத் தேய்த்துக்கொண்டு, கண்ணுக்குள் இறங்கியது. அது நடப்பது தெரிந்தது. உறுத்தவில்லை. வெறுமே தெரிந்தது, ஒரு கறுப்புப் பெருக்கமாக.

மூச்சு? இருக்கிறது. மேலாக, தொண்டைக்குழிக்கு மேல் மட்டும், ஓர் எறும்பின் மூச்சு.

டக், என்றது வாளி.

லூர்தம்மாள் இரண்டு மணிக்குக் காபி கொண்டுவந்தாள். டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. அவரைப் பிடித்துத் தரையில் சரித்துப் போட்டு, வாயைத் திறந்து விரலைவிட்டுப் பார்த்து, நெஞ்சில் காது வைத்தாள். அவளுடைய தலைமயிர் எண்ணெய் வாசனை அவருக்குத் தெரிந்தது. நெஞ்சுக்குள் அவர் உதைத்தார், கத்தினார், கதவுகளை இடித்தார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏதோ கேட்டதுபோல அவள் மூச்சு நின்றது. அந்த நேரம் பார்த்துத் தெருக்கதவைத் தட்டிக்கொண்டு ஞானராஜ் வந்தான்.

ஞானராஜ் கழகத்தின் செயலாளர். எல்லைத் தெரு வாத்தியார். கஸ்பார் சாரின் வாயிலிருந்து எது விழுந்தாலும் பொறுக்கி மனப்பாடம் செய்துகொள்கிறவன். அவன் பதறவில்லை. பதறக்கூடாது என்று தலைவர் எழுதியிருக்கிறார். ‘மரணத்தை அறியும் மூன்று வழிகள்’ என்று கழகத்தின் நான்காம் வெளியீடு. ஓர் இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து கஸ்பார் சார் மொழிபெயர்த்தது. பிரேதத்தைக் கட்டிக்கொண்டு உயிர் இருக்கிறதோ என்று ஊளையிடும் பாமரப் பழக்கத்தை ஒழிப்பதற்காக எழுதப்பட்டது.

முதல் வழி நாடி. ஞானராஜ் மணிக்கட்டைப் பிடித்தான். புறங்கைப் பக்கமாகப் பிடித்தான். அங்கே உயிரோடு இருக்கிற யாருக்கும் நாடி கிடையாது.

இரண்டாம் வழி கண். விரல் வந்தது. கருவிழியைத் தொட்டது. இமை அசையவில்லை.

மூன்றாம் வழி கண்ணாடி. மேற்குச் சன்னலோரத்துச் சுவரில் ஆணியில் தொங்கிய, கஸ்பார் சார் முகம் மழிக்கிற கண்ணாடியை எடுத்துவந்தான். இடுக்கு வழியாக மத்தியானம் முழுக்க அதன்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. “யப்பா, சுடுது” என்று கையை மாற்றிக்கொண்டு, அதை மூக்குக்கு நேரே பிடித்தான். உயிர் இருந்தால் ஆவி படியும். படியாவிட்டால் ஐயமில்லை. பக்கம் பதினொன்று.

கஸ்பார் சார் கண்ணாடியில் தம்மைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அது விளங்கியது. அந்த இங்கிலீஷ்காரன் தன் ஊரில், பனியில், சில்லென்ற கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான். திண்டுக்கல்லில், பங்குனி வெயிலில், தோசைக்கல்லாகக் காய்ந்த கண்ணாடியில் ஒரு யானை மூச்சு விட்டாலும் படியாது.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

“சார் போயிட்டாரு” என்றான் ஞானராஜ்.

ஆட்கள் வந்தார்கள். வேட்டிகளின் சரசரப்பு, செருப்புகளைக் கழற்றுகிற சத்தம், அடக்கிய இருமல்கள். யாரோ ஊதுவத்தி ஏற்றினார்கள். யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். மூன்று பேர் அதற்குக் கீழே நகர்ந்து நின்றார்கள். வாசலில் கிடந்த பூனையைச் செத்துப்போயிற்று என்று வாலைப் பிடித்துத் தூக்கிக் கொல்லைக் குப்பைமேட்டில் போட்டார்கள்.

லூர்தம்மாள் நடுவீட்டில் நின்று சொன்னாள்.

“இது மட்டி மயக்கம் தம்பி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிப் பாக்கணும். எங்க ஊர்ல எந்திரிச்சவுக இருக்காக. நான் கண்ணால பாத்திருக்கேன்.”

கஸ்பார் சார் தம் வாழ்க்கையில் யாருடைய பேச்சையும் அப்படிக் கேட்டதில்லை.

ஞானராஜ் தலையைக் குனிந்துகொண்டு, மிகவும் மரியாதையாகச் சிரித்தான். “அம்மா, இதையே சார் கழகத்துல சொன்னப்ப நாங்க எம்புட்டுச் சிரிச்சோம். பொணம் எந்திரிச்சுக் காபி கேக்கும்னு. அவர் வீட்லயே அவருக்கு இப்படிச் செஞ்சா ஊர் என்ன சொல்லும்? சார் உசுரோட இருந்தா ஒத்துக்குவாரா?”

ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்கிறேன்.

டாக்டரைக் கூப்பிடலாமே என்று ஒரு குரல். விஷம் என்று தெரிந்தால் போலீஸ் வரும், அறுப்பார்கள், அறிவியல் செல்வரை அறுக்கவா என்று இன்னொரு குரல். அந்தோணிமுத்து சுவரோரமாக நின்றிருந்தான். சாவி முறிந்த பூட்டைப் பட்டறையில் உடனே உடைத்துவிட மாட்டோம், ஒரு நாள் எண்ணெய் விட்டு வைப்போம் என்று மெதுவாகச் சொன்னான். அதற்குத்தான் சார் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டாரே என்றான் ஞானராஜ். அந்தோணிமுத்து இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஒரு தடவை பட்ட சிரிப்பு போதும்.

பங்குச் சாமியார் வடமதுரைப் பக்கம் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகக் கோவில் உபதேசியார் வந்து மணி பார்த்தார். ஆறு மணிக்குக் கோவிலில் சிலுவைப்பாதை. அதற்கு முன்னால் முடித்துவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். இந்த அனலில் உடம்பு தாங்காது. ஐஸ் மதுரையிலிருந்துதான் வரவேண்டும். பெட்டி தயாராகவே ஒன்று இருக்கிறது. எல்லாம் நியாயமாக இருந்தது. எல்லாம் அவர் பேசுகிற மாதிரியே இருந்தது.

கழுவினார்கள். பட்டம் வாங்கிய அன்று போட்ட வெள்ளைக் கால்சட்டையையும் கோட்டையும் மாட்டினார்கள். ஞானராஜ் இமைகளை மூடிவிட்டான். வலது கண் சரியாக மூடவில்லை. ஓர் இடுக்கு இருந்தது. அந்த இடுக்கு வழியாகக் கூரை போயிற்று. நிலைப்படி போயிற்று. வானம் வந்தது.

பெட்டியைத் தூக்கித் தெருவில் இறக்கியபோது, கொல்லைப் பக்கமிருந்து லூர்தம்மாள் ஓடிவந்தாள்.

“பூனை எந்திரிச்சிருச்சு. பாருங்க, பூனை எந்திரிச்சு நடக்குது.”

நடந்துதான் வந்தது. நாலு காலும் நாலு பக்கம் போக, கள் குடித்ததுபோல, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேராகப் பெட்டியை நோக்கி வந்தது. கூட்டம் ஒரு கணம் பார்த்தது. அவ்வளவுதான், தெரிந்துவிட்டது, இதோ புரிந்துகொள்ளப்போகிறார்கள் என்று பெட்டிக்குள் கஸ்பார் சாரின் முழு உயிரும் வலது கண்ணின் இடுக்குக்கு வந்து நின்றது.

“ஏலே, வெரட்டுங்கடா அதை. பூனை பொணத்தத் தாண்டுனா ஆகாது” என்றார் கழகத்தின் பொருளாளர்.

விரட்டினார்கள்.

லூர்தம்மாளை இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு, பாவம், அறிவு கலங்கிவிட்டது என்று உள்ளே கூட்டிப்போனார்கள். கதவு மூடியது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. தெருக்கோடி வரை கேட்டது. பிறகு துக்கமணி.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் சாய்ந்திருந்தது. மலைக்கோட்டைப் பாறை பகல் முழுக்கக் குடித்த சூட்டைத் திருப்பி ஊதியது. வெட்டிய மண்ணின் வாசனை. சாம்பிராணி. அந்தச் சாம்பிராணி நாக்கில் பட்டது.

நாக்கில் பட்டது.

நுனியில், ஒரு கடுகளவு இடத்தில், கசப்பு. கஸ்பார் சார் அந்தக் கடுகைப் பிடித்துக்கொண்டார். எங்கோ ஒரு துவாரத்திலிருந்து ஒரு குச்சி வெளியே வந்திருக்கிறது. ஒரு பூட்டு திறந்திருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம். அரை மணி. கட்டுரையில் இருந்தது, இப்போது வரிவரியாக ஞாபகம் வருகிறது: நஞ்சு எதையும் அழிப்பதில்லை, மூச்சு மட்டும் தாக்குப்பிடித்தால், சிறுநீர் வழியாகத் தானே வெளியேறிவிடும். அடிவயிற்றில் ஒரு கனம் இருப்பதை உணர்ந்தார். மத்தியானத்திலிருந்து நிறைந்து கிடந்த கனம். அது எரிந்தது. அது வலித்தது. மரத்துப்போன அந்த உடம்பு முழுவதிலும் வலிக்கிற இடம் அது ஒன்றுதான்.

ஞானராஜ் ஒரு காகிதத்தைப் பிரித்தான். தலைவர் கடைசியாக எழுதிவைத்துப் போன மணிவாசகம் என்று சொல்லிவிட்டு வாசித்தான். “மனித அறிவின் ஒளி பட்ட இடத்தில் அச்சத்துக்கு இருக்கை இல்லை.” இரண்டாம் தடவை வாசித்தபோது ‘இருக்கை’யை ‘இறக்கை’ என்று வாசித்தான். யாரும் கவனிக்கவில்லை. கஸ்பார் சார் கவனித்தார்.

ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். முகங்கள். வானம். முகங்கள்.

அப்போது அடிவயிற்றில் ஒரு பூட்டு திறந்தது.

சூடாக. மெதுவாக. நிறுத்தாமல். அவர் நிறுத்த விரும்பவில்லை. ஓடட்டும். செத்தவனுக்கு இப்படிப் பெருகாது. பாருங்கள். பார்த்துவிடுங்கள். வெள்ளைக் கால்சட்டை.

பார்த்தார்கள். பொருளாளர் பார்த்தார், உடனே மலையைப் பார்த்தார். உபதேசியார் பார்த்துவிட்டு ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். ஞானராஜ் காகிதத்தை நான்காக மடித்தான். வலது கண்ணின் இடுக்கில் அந்தோணிமுத்துவின் முகம் வந்து நின்றது. அது ஈரத்தைப் பார்த்தது. பெருகுவதைப் பார்த்தது. அவருடைய கண்ணைப் பார்த்தது. அதன் வாய் திறந்தது.

திறந்த வாயோடு அந்தோணிமுத்து சுற்றிலும் ஒருமுறை பார்த்தான். பெரிய மனிதர்கள். பிறகு காலடியில் மடித்து வைத்திருந்த பொன்னாடையை எடுத்து, உதறி, இடுப்பிலிருந்து முழங்கால் வரை மறைவாக, சரிகை மேலே தெரியும்படி, பக்குவமாகப் போர்த்திவிட்டான்.

மூடி வந்தது. வானம் ஒரு கோடாயிற்று.

டக்.

உள்ளே, இருட்டில், வலது கையின் சுண்டுவிரல் அசைந்தது.

பதினான்கு பேர் நின்றிருந்தார்கள். பதினான்கு பேருமே கவனித்திருந்தார்கள். அப்பேர்ப்பட்டவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று ஒருவரும் சொல்லவில்லை.

கால்சட்டை நனைந்திருந்தது.